பெட்டியில் கிடக்கும் பழந்துணி

நமது கூட்டுறவுச் சங்கங்களில் நாள்வழி உண்டு, பேரேடு உண்டு, நூல் இருப்புப் பதிவேடும் துணி இருப்புப் பதிவேடும் உண்டு. ஆண்டுதோறும் தணிக்கையாளர் வந்து அவற்றைப் பார்வையிடுகிறார். எந்தத் தறிக்கு எவ்வளவு நூல் கொடுத்தோம், எத்தனை உருப்படி திரும்பி வந்தது, கூலி என்ன, கழிவு என்ன என்பனவற்றை எல்லாம் அவை தவறாது சொல்லும். ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம்மவர் நெய்த கட்டத் துணி எப்படி இருந்தது என்று ஓர் இளைஞர் கேட்பாராயின், அந்தப் பேரேடுகளால் விடை சொல்ல இயலாது. துணியின் கணக்கை வைத்தோம், துணியை வைக்கவில்லை.

இந்தக் குறையைக் குறித்ததே இம்மாதப் பாடம். பழைய துணி ஒன்று கிழிசல் ஆவதற்கு முன் என்னென்ன சொல்லும் என்பதையும், அதைக் கேட்டு எழுதி வைப்பதால் நெசவாளருக்கும் விவசாயிக்கும் விளையும் நன்மை யாது என்பதையும் ஈண்டுக் காண்போம்.

1. நம் கரையும் அதன் பெயர்களும்

இன்று காத்திவாக்கத்தில் நின்று நோக்குபவருக்குப் புகைபோக்கிகளும், எண்ணூர்த் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும், கொசஸ்தலையாற்றின் கழிமுகமும், வலை காயவைக்கும் கரையுமே தென்படும். தறியோசை நினைவுக்கு வராது. ஆயினும் இவ்வூர் பழைய நெசவு வாணிகத்தின் இரு பெரும் இடங்களுக்கு நடுவில் இருக்கிறது. வடக்கே பழவேற்காடு, தெற்கே காலடிப்பேட்டை.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1610-இல் பண்டகசாலை அமைத்தனர். 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்தனர். அவர்கள் நாடியது முதன்மையாகத் துணியையே. கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் விற்றவர்கள் வெள்ளியைக் காட்டிலும் சோழமண்டலக் கரையின் துணியை விரும்பிக் கேட்டனர். ஆகவே துணி இல்லையேல் வாசனைச் சரக்கு இல்லை என்னும் நிலை இருந்தது. 1639-இல் ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றதற்கும் இப்பகுதியில் நல்ல துணி மலிவாகக் கிடைத்ததே முக்கியக் காரணமாகும்.

பிறகு கம்பெனியார் நெசவாளரைத் தம் கோட்டைக்கு அருகிலேயே குடியேற்ற முற்பட்டனர். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட் என்பவர் திருவொற்றியூரை அடுத்து ஏற்படுத்திய நெசவாளர் குடியிருப்பே காலட்பேட்டை; அது நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. 1734-இல் சிந்தாதிரிப்பேட்டை நெசவாளருக்கென அமைக்கப்பட்டது. சின்னத் தறிப்பேட்டை என்பதே அவ்வாறு திரிந்தது என்று கூறுவாரும் உளர். நெய்து வந்த துணியை வெளுத்துக் கொடுத்தவர் வாழ்ந்த இடம் வண்ணாரப்பேட்டை. நாள்தோறும் பேருந்தில் இப்பெயர்களைக் கேட்டுக் கொண்டே செல்கிறோம். நெய்தவரும் வெளுத்தவரும் நம் நகரத்துக்கு விட்டுச் சென்ற கையெழுத்துகள் அவை.

2. துணி சென்ற இடத்தில் பெற்ற பெயர்

இக்கரையிலிருந்து சென்ற துணிகளில் சிறப்பாகக் குறிக்கத்தக்கது, நூலிலேயே சாயமேற்றிக் கட்டமாக நெய்த துணி. நம்மவர் அதை உருமால் என்றும் கைலி என்றும் உடுத்தும் வகைக்கேற்ப வழங்கினர். ஏற்றுமதி வாணிகர் 'மெட்ராஸ் கைக்குட்டை' என்றனர். கைக்குட்டை என்றவுடன் சட்டைப் பையில் வைக்கும் சிறு துண்டு என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் ஒரு கெஜச் சதுரமான துணி அது. தலையிலும் தோளிலும் இடையிலும் கட்டத் தக்கது.

இத்துணியுடன் ஊர்ப் பெயரும் கப்பலேறியது. மலாய் நாட்டில் ஆடவர் வீட்டிலும் தொழுகையிலும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலேக்காட்' என்று பெயர். மெக்சிகோவில் கழுத்திலும் தலையிலும் கட்டும் வண்ணத் துணிக்குப் 'பலியாகாத்தே' என்று பெயர். ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகர நெசவாளர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் துணியைப் பார்த்து நெய்த போலித் துணிக்கும் 'புல்லிகேட்' என்றே பெயரிட்டனர். இம்மூன்றும் பழவேற்காடு என்னும் பெயரின் திரிபுகளே. மூன்று கண்டத்து மக்கள் நாவில் ஊர்ப் பெயர் நிலைத்திருக்க, அவ்வூரை அடுத்துள்ள நாமோ அப்பெயரின் வரலாற்றைப் பிறர் சொல்லக் கேட்க வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

3. வாங்கியவர் போற்றிய வகை

மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரிய நாட்டு நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் கலபாரி என்னும் மக்கள் வாழ்கின்றனர். மீன்பிடிப்பும் வாணிகமும் அவர்தம் பழந்தொழில்கள். நெசவு அவர்களுக்குரிய தொழில் அன்று. துணியை வெளியிலிருந்தே பெற்றனர். நம் கட்டத் துணியை அவர்கள் 'இஞ்சிரி' என்கின்றனர். உண்மையான இந்தியத் துணி என்பது அதன் பொருள் என்பர்.

கலபாரிப் பெண்டிர் அத்துணியை வாங்கியபடியே உடுத்துவதோடு நின்றாரல்லர். ஊசியால் சில இழைகளை மெல்லத் தூக்கி, கூரிய கத்தியால் அறுத்து, ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடுகின்றனர். எஞ்சி நிற்கும் இழைகளில் புதிய கோலம் ஒன்று தோன்றுகிறது; துணியும் சல்லடை போல் மென்மை பெறுகிறது. அறுத்த துணிக்குப் 'பெலெத்தே பித்தே' என்று பெயர். இவ்வேலைக்கு நாள் பல ஆகும். பிள்ளைப் பேறு முதல் இறப்புச் சடங்கு வரை அத்துணிக்கு அவர்கள் வாழ்வில் இடமுண்டு. குடும்பத்துத் துணிப் பெட்டியில் தலைமுறை தலைமுறையாக அது காக்கப்படுகிறது. பெரியவர் மறைந்தால் அப்பெட்டியைத் திறந்து, அவருடைய உடல் கிடத்தும் கட்டிலை அத்துணிகளால் அணி செய்கின்றனர். நம் கரையில் எவரும் நினைவில் வைத்திராத கட்டங்களை அப்பெட்டிகளில் காணலாம் என்றால் அது மிகையாகாது.

மேற்கிந்தியத் தீவுகளிலும் இவ்வாறே. மார்த்தினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா ஆகிய தீவுகளில் பெண்கள் 'மத்ராஸ்' துணியைத் தலையில் கட்டும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியது. கட்டில் எத்தனை முனை நிமிர்ந்து நிற்கின்றதோ, அதைக் கொண்டு அவள் மணமானவளா அல்லளா என்று அறியும் மரபும் அங்கு உண்டு. இன்று அத்தீவுகளின் தேசிய உடையில் நம் கட்டத் துணியே முதலிடம் பெறுகிறது.

இவ்விடத்தில் கசப்பான உண்மை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை அடிமைகளாக விலைக்கு வாங்கிய ஐரோப்பியர், அவ்விலையில் ஒரு பகுதியை இந்தியத் துணியாகவே கொடுத்தனர். நம் நெசவாளர் அதனை அறிந்தாரல்லர். ஆயினும் அவர் நெய்த துணி அவ்வாறு பயன்பட்டது. 1786-இல் அமெரிக்காவின் லூசியானாவில், ஆப்பிரிக்க வழிவந்த பெண்கள் தங்கள் கூந்தலைத் துணியால் மூடிக் கட்ட வேண்டும் என்று கவர்னர் ஆணையிட்டார். அவர்களைத் தாழ்த்துவதே அதன் கருத்து. அப்பெண்களோ வண்ண வண்ணமான கட்டத் துணிகளை அழகுறக் கட்டி, இழிவின் அடையாளத்தைப் பெருமையின் அடையாளமாக மாற்றினர். பழந்துணி ஒன்றைப் பார்க்கும்போது அதன் அழகுடன் அதன் துயரத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அயலாரின் சரக்கைத் தம்முடைய மரபாக ஆக்கிக் கொண்டவர்கள் இவர்கள் மட்டுமல்லர். வட அமெரிக்காவின் கீழ்க்கரையில், மெயின் மாநிலத்திலும் அதனை அடுத்த கனடாப் பகுதியிலும் வபனாக்கி என்னும் தொல்குடியினர் வாழ்கின்றனர். 'விடியல் நாட்டு மக்கள்' என்பது அப்பெயரின் பொருள். அவர்தம் பெண்கள் அணிந்த கூம்பு வடிவத் தலையணிகள் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றின் கம்பளித் துணியும், பட்டு நாடாவும், கண்ணாடி மணியும் ஐரோப்பியரிடம் பண்டமாற்றாகப் பெற்றவை. ஆனால் அத்துணியின்மேல் மணியால் இழைத்த இரட்டை வளைவுக் கோலம் அவர்களுடையது. மெயினிலுள்ள பார் ஹார்பர் நகரத்து ஆபி அருங்காட்சியகம் 1928-இல் திறக்கப்பட்டது. வபனாக்கி மக்களின் பண்பாட்டையே அது தன் பொருளாகக் கொண்டுள்ளது. பழம்பொருள்களுக்கு விளக்கம் எழுதுவதில் அம்மக்களின் சொல்லையே முன்வைக்க வேண்டும் என்னும் கொள்கை அங்கே வலுப்பெற்றிருக்கிறது.

இவற்றால் நாம் அறிவது யாது? எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதனால் மட்டும் ஒரு பொருள் மரபாகிவிடுவதில்லை. அதைப் பயன்படுத்தி, பெயரிட்டு, காத்து, அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்தவரிடமே மரபு தங்குகிறது. கலபாரியரும் தீவு மக்களும் தங்கள் பங்கைச் செய்தனர். நெய்தவர் பங்கு மட்டும் எழுதப்படாமல் நிற்கிறது. உலகத்து அருங்காட்சியகங்களில் 'மெட்ராஸ்' என்ற ஊர்ப் பெயருடன் துணிகள் உள்ளன. அவற்றை நெய்தவர் பெயரைக் காண்பது அரிது.

4. சாயமும் நிலமும்

இது நெசவாளருக்கு உரிய செய்தி, நமக்கு என்ன என்று விவசாய அங்கத்தினர் கருதலாகாது. பழந்துணியின் வண்ணம் வயலிலிருந்தும் மணற்காட்டிலிருந்தும் வந்தது. நீலம் அவுரியிலிருந்து வந்தது. சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில் வளரும் சிறு பூண்டு அது. அதன் நீண்ட மெல்லிய வேரே சாயம் தருவது. படிகாரத்துடன் சேரும்போதுதான் அச்சிவப்பு நூலில் பற்றி நிற்கும். மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள் பயன்பட்டது. ஆகவே பழைய கட்டத் துணி ஒன்று நெசவின் சான்றாக இருப்பது போலவே, அக்காலப் பயிர்த் தொழிலின் சான்றாகவும் இருக்கிறது.

செயற்கைச் சாயம் வந்து இந்த உறவை அறுத்தது. செயற்கைச் சிவப்பு 1869 முதலும், செயற்கை நீலம் 1897 முதலும் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தன. அவுரிக்கும் சாயவேருக்கும் இருந்த தேவை குறைந்தது; அவற்றைப் பயிரிட்டும் தோண்டியும் பிழைத்த குடும்பங்கள் வேறு வழி தேடின.

சாயத்தைப் பற்றி இன்னொரு நிகழ்ச்சியும் நினைக்கத்தக்கது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவுக்குச் சென்ற மெட்ராஸ் கட்டத் துணிகள் சலவையில் சாயம் கசிந்தன. வாங்கியவர் முறையிட்டனர். பிறகு வாணிகர் அக்குறையையே சிறப்பாக்கி, 'சாயம் கசியும் என்பது உறுதி' என விளம்பரம் செய்தனர். ஒவ்வொரு சலவையிலும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுத் தோற்றம் பெறுவதாகக் கூறியதும், 1960-களில் அத்துணிக்கு அங்கே பெரும் கிராக்கி உண்டாயிற்று. விற்பனைத் திறமைக்கு இது நல்ல உதாரணம். ஆனால் தரத்துக்கு உதாரணம் ஆகாது. நன்கு பற்றிய சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் பல சலவைக்கு அசையாமல் நின்றவை என்பதை அக்காலப் பழந்துணிகளே காட்டுகின்றன.

5. மாதிரிப் புத்தகம் எவருக்குப் பயன்பட்டது?

துணியின் மாதிரியைச் சேர்த்து வைப்பது நமக்குப் புதிய யோசனையாகத் தோன்றலாம். பிறர் அதை நெடுங்காலத்துக்கு முன்பே செய்துவிட்டனர். 1866-இல் லண்டனில் இந்தியப் பொருள்களின் காட்சிச் சாலையைச் சார்ந்த ஜான் ஃபார்ப்ஸ் வாட்சன் என்பவர், அங்கிருந்த இந்தியத் துணிகளை வெட்டி 700 மாதிரிகளை 18 தொகுதிகளில் ஒட்டினார். அவ்வாறு 20 தொகுப்புகள் தயாராயின. அவற்றுள் 13 பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வைக்கப்பட்டன; 7 இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. ஒவ்வொரு மாதிரிக்கும் நீளம், அகலம், எடை, கிடைத்த இடம் ஆகியவை குறிக்கப்பட்டன.

இதன் நோக்கம் யாது? இந்தியர் எதை விரும்பி உடுத்துகின்றனர் என்பதை இங்கிலாந்தின் ஆலை முதலாளிகள் நேரில் கண்டு, அதுபோல் நெய்து இங்கே விற்க வேண்டும் என்பதே. நம் முன்னோர் நெய்த துணியின் மாதிரி, அவர்தம் பிழைப்புக்குப் போட்டியாக வந்தவர் கையில் பாடப் புத்தகம் ஆயிற்று. இன்று அத்தொகுதிகள் ஆராய்ச்சியாளருக்கு அரிய கருவூலமாக உள்ளன. எழுதி வைத்தவர் பயன் பெற்றார். எழுதாதவர் இழந்தார் என்னும் பாடத்தை மட்டும் நாம் மறக்கலாகாது.

இன்றும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 'மெட்ராஸ்' என்னும் பெயரில் உலகச் சந்தையில் விற்கும் கட்டத் துணிகளில் பல விசைத்தறியில் நெய்யப்பட்டவை. பல பிற நாடுகளில் நெய்யப்பட்டவை. கைத்தறிக்கு உரிய துணி வகைகளைக் காக்க 1985-இல் ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதில் லுங்கியும் அடங்கும். ஊர்ப் பெயரைக் காக்க 1999-இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. காஞ்சிபுரம் பட்டு அக்குறியீட்டைப் பெற்றுள்ளது. அச்சட்டத்தின்படி விண்ணப்பம் செய்வோர், இப்பொருள் இவ்விடத்தில் தோன்றியது என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். பாட்டன் சொன்னார் என்பது அங்கே போதாது. ஆண்டும் ஊரும் குறித்த பழந்துணியும், இழைக் கணக்குடன் கூடிய மாதிரிப் புத்தகமுமே பேசும். பெட்டியில் கிடக்கும் பழந்துணி, வீட்டுப் பத்திரத்துக்கு ஒப்பானது என்று நாம் கூறுவது இதனால்தான்.

6. துணியைப் படிக்கும் முறை

பழந்துணி ஒன்று கைக்கு வந்தால் கீழ்க்கண்டவாறு வரிசையாகப் பார்த்து எழுதுக.

முதலாவது, இரு பக்கமும் நோக்குக. வண்ணம் இரு பக்கத்திலும் ஒன்றாக இருந்தால் நூலிலேயே சாயமிட்டு நெய்தது. ஒரு பக்கம் மங்கியிருந்தால் பெரும்பாலும் அச்சடித்தது.

இரண்டாவது, அகலத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை அளக்க. ஓரம் எவ்வாறு முடிந்துள்ளது, கரையில் இரட்டை இழை உண்டா என்று பார்க்க. அகலம் தறியின் அளவைக் காட்டும்.

மூன்றாவது, நூல் எண்ணும் கண்ணாடியால் ஓர் அங்குலத்தில் பாவிழை எத்தனை, ஊடையிழை எத்தனை என்று மூன்று இடங்களில் எண்ணிச் சராசரி காண்க. ஊடை சிறிது ஏறியும் இறங்கியும் இருப்பது கைத்தறியின் இயல்பு.

நான்காவது, கட்டத்தின் இழை வரிசையை ஒரு முழுச் சுற்றுக்கு எழுதுக. சிவப்பு இத்தனை, வெள்ளை இத்தனை, நீலம் இத்தனை என்று பாவுக்கும் ஊடைக்கும் தனித்தனியே குறிக்க. இதில் ஓர் எண் தவறினும் கட்டம் வேறாகிவிடும். இவ்வரிசை ஒன்று கையிலிருந்தால் அத்துணியை எந்நாளும் மீண்டும் நெய்யலாம்.

ஐந்தாவது, தானே உதிர்ந்த இழை ஒன்று கிடைத்தால் மட்டும் அதை எரித்துப் பார்க்க. பருத்தி காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டும் கம்பளியும் மயிர் கருகும் நாற்றம் தரும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகும்.

ஆறாவதாகவும் முக்கியமாகவும், வீட்டிலுள்ள முதியவரைக் கேட்டு எழுதுக. இத்துணிக்கு வீட்டில் வழங்கிய பெயர் என்ன, யார் நெய்தது, எந்தச் சந்தைக்குப் போயிற்று, எப்போது உடுத்தினார்கள் என்பனவற்றைத் துணி தானாகச் சொல்லாது. நூல் சுற்றியதும் பாவு ஓடியதும் பெரும்பாலும் பெண்களே. ஆயினும் கூலிப் பதிவேட்டில் அவர்கள் பெயர் வருவது குறைவு. இங்கேனும் அவர்கள் பெயரைத் தவறாமல் எழுதுக.

7. காக்கும் முறை

கடற்காற்றில் ஈரமும் உப்பும் மிகுதி. ஆகவே நம் பகுதியில் துணி விரைவில் கெடும். அழுக்காக இருக்கிறதே என்று உடனே நனைத்துவிடலாகாது. ஈர வெள்ளைப் பஞ்சை ஒரு மூலையில் ஒற்றிப் பார்க்க. நிறம் பஞ்சில் ஏறினால் அத்துணியைத் தண்ணீரில் இடவே கூடாது. ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்காக வைத்தால் மடிப்பில் இழை அறும். வெளுத்த பருத்தித் துணி சுற்றிய குழல் ஒன்றின்மேல் சுருட்டி வைப்பது நலம். பிளாஸ்டிக் உறை ஈரத்தைத் தேக்கும். இரும்புப் பெட்டி துருக் கறை இடும். மரப் பலகையும் நேரே படலாகாது. வேப்பிலையோ அந்துருண்டையோ வைப்பதாயின் சிறு பையில் கட்டி, துணியில் படாமல் வைக்க. சில மாதங்களுக்கொரு முறை நிழலில் விரித்துக் காற்றாட விடுக, வெயில் வேண்டாம். விவரச் சீட்டைப் பசையாலோ குண்டூசியாலோ ஒட்டாமல், பருத்தி நூலால் ஓரத்தில் இரண்டு தையல் இட்டு இணைக்க.

அரிய துணி எனத் தோன்றினால் விற்பதற்கு முன் எழும்பூர் அரசினர் அருங்காட்சியகத்தாரிடம் காட்டி யோசனை கேட்பது தக்கது. 1851-இல் தொடங்கிய அந்நிலையம் நம் வரிப்பணத்தில் நடப்பது. நாம் அங்கே செல்லத் தயங்க வேண்டியதில்லை.

8. சங்கம் செய்ய வேண்டுவது

தனி மனிதர் ஒருவரிடம் இருக்கும் குறிப்பு அவருடன் மறையும். சங்கத்தின் ஏடு தலைவர் மாறினும் நிற்கும். நம் மாநிலத்துக் கைத்தறிக் கூட்டுறவின் தலைமைச் சங்கமாகிய கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தோன்றியது. அன்று தொட்டு எத்தனையோ சங்கங்களில் எத்தனையோ கட்டங்கள் நெய்யப்பட்டுள்ளன. அவற்றுள் ஒவ்வொன்றிலும் ஆறு அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை எடுத்து வைத்திருந்தால் இன்று எவ்வளவு பெரிய செல்வம் நம்மிடம் இருந்திருக்கும்!

போனது போகட்டும். இனி நெய்யும் ஒவ்வொரு புதிய கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டித் தடித்த ஏட்டில் தைத்து வைக்கலாம். எதிர்ப்பக்கத்தில் நூல் எண், இழைக் கணக்கு, சாயம், நெய்தவர் பெயர், பாவு ஓடியவர் பெயர், நாள், அனுப்பிய ஊர் ஆகியவற்றை எழுதலாம். விவசாய அங்கத்தினர் அவுரி பயிரிட்டால், அந்த நீலத்தில் தோய்த்த நூல் கழி ஒன்றையும் நிலத்தின் விவரத்துடன் அதே ஏட்டில் சேர்க்கலாம். இதற்காகும் செலவு சிறிது துணியும் ஓர் ஏடுமே. தணிக்கையாளர் கேட்காத பதிவேடு இது. ஆயினும் நம் பேரப் பிள்ளைகள் கேட்பார்கள்.

படிப்பு வட்டங்களில் ஆராய்வதற்கு:

(அ) உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய துணி எது? அதைப் பற்றி அறிந்தவர் எவர்?

(ஆ) உங்கள் சங்கத்தில் முன்பு நெய்து இப்போது நெய்யாத கட்டம் எது? அதன் இழை வரிசை எவருக்கேனும் தெரியுமா?

(இ) கலபாரிப் பெண்டிர் நம் துணியின் இழையை அறுத்துச் செய்யும் கோலம் நம்முடைய மரபா, அவர்களுடையதா, இருவருக்கும் பொதுவா?

(ஈ) மாதிரிப் பதிவேட்டைப் பாதுகாக்கும் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது? அதை வெளியார் பார்வையிட எந்த நிபந்தனையுடன் அனுமதிப்பது?

முதல் இரு வினாக்களுக்கு விடை கூறத் தக்கவர்கள் இன்று முதுமையில் இருக்கின்றனர். ஆகவே அடுத்த கூட்டத்துக்குக் காத்திராமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்களைச் சென்று கண்டு கேட்குமாறு அங்கத்தினர் அனைவரையும் வேண்டுகிறோம்.